கடையில் போலீஸ் சோதனை: கணினியையும் செல்போனையும் கைப்பற்றும்போது பின்பற்ற வேண்டிய விதிகள் யாவை?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தகப்பனார் தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபது ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறார். இணையவழி விண்ணப்பங்களும் நிரப்பித் தருகிறார். சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை ஓர் உதவி ஆய்வாளரும் மூன்று காவலர்களும் கடைக்கு வந்தார்கள். வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெற்று ஏமாற்றிய வழக்கு ஒன்றில் போலி நியமன ஆணைகள் எங்கள் கடையில் அச்சிடப்பட்டிருக்கலாம் என்று கூறி, கடையின் கணினியையும், அப்பாவின் செல்போனையும், கடைப் பையனின் செல்போனையும், மேசை இழுப்பறையில் இருந்த ஒரு கட்டுத் தாள்களையும் எடுத்துச் சென்றார்கள். நீதிமன்ற வாரண்ட் எதையும் காட்டவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரரும், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவரும் சாட்சிகளாகக் கையெழுத்திட்டார்கள். அப்பாவிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவர் படித்துப் பார்த்தவரை, அந்தப் பட்டியலில் ‘கறுப்பு நிற செல்போன் 2, கணினி 1, தாள்கள் 1 கட்டு’ என்று மட்டுமே இருந்ததாம். நகல் கேட்டதற்கு, நிலையத்துக்கு வந்து வாங்கிக் கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு முறை போயும் கிடைக்கவில்லை. போனைத் திறக்கும் பேட்டர்னைக் கேட்டபோது அப்பா பயத்தில் போட்டுக் காட்டிவிட்டார். இப்போது அவரை வந்து சில வரிகள் எழுதிக் காட்டும்படி சொல்லியிருக்கிறார்கள்.

விசாரணைக்கு ஒத்துழைப்பதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஏமாந்தவர்களின் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். ஆனால் அந்தக் கணினியில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதார் நகல்களும் சாதிச் சான்றிதழ்களும் இருக்கின்றன. வாரண்ட் இல்லாமல் இப்படி எடுத்துச் செல்ல அதிகாரம் உண்டா? பட்டியலை எப்படி எழுதியிருக்க வேண்டும்? பொருள்களைத் திரும்பப் பெற வழி என்ன? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: வைகைவழக்குரைஞர்

சகோதரிக்கு வணக்கம். முதலில் வாரண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு, விசாரணை அதிகாரி வாரண்ட் இல்லாமலே சோதனை நடத்த இடம் தருகிறது. ஆனால் அது கட்டற்ற அதிகாரம் அன்று. வாரண்ட் பெறக் காத்திருந்தால் தாமதமாகிவிடும் என்று கருதுவதற்கான காரணத்தையும், எந்தப் பொருளைத் தேடிச் செல்கிறார் என்பதையும் சோதனைக்கு முன்பே அவர் வழக்கு நாட்குறிப்பில் எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவின் நகலை உடனடியாகவும், எப்படியும் 48 மணி நேரத்துக்குள்ளாகவும், குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். சோதனையிடப்பட்ட இடத்தின் உரிமையாளர் மனு செய்தால் நடுவர் அதன் நகலை இலவசமாகவே தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே நீங்கள் நகலுக்காக நிலையத்தின் படியேற வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள்.

அடுத்தது ஒளிப்பதிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாத இந்தக் கடமையை 105-ஆம் பிரிவு கொண்டுவந்திருக்கிறது. சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் தயாரித்தல், அதில் சாட்சிகள் கையெழுத்திடுதல் ஆகிய அனைத்தையும் ஒலி ஒளிக் கருவியால், கூடுமானவரை செல்போனால், பதிவுசெய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். அன்று யாராவது ஒரு காவலர் போனை உயர்த்திப் பிடித்துப் பதிவுசெய்தாரா என்பதை அப்பாவிடம் நிதானமாகக் கேட்டு எழுதி வையுங்கள்.

பட்டியலைப் பற்றி 103-ஆம் பிரிவு பேசுகிறது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, வழக்கில் தொடர்பில்லாத, மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சிகளாக இருக்க வேண்டும். அவர்கள் முன்னிலையிலேயே சோதனை நடந்து, எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்பதோடு பட்டியல் எழுதப்பட வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவர் சோதனை முழுவதும் உடனிருக்கலாம். பட்டியலின் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக அன்றி, அதிகாரியின் கடமையாகவே சட்டம் இதைச் சொல்கிறது. இவற்றுடன், கைப்பற்றிய விவரத்தை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 106-ஆம் பிரிவும் கூறுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில் தவறான நம்பிக்கை வைத்து ஏமாறுகிறார்கள். விதிமீறல் நடந்தால் கிடைத்த சாட்சியம் தானாகவே செல்லாததாகிவிடும் என்பது நம் நாட்டுச் சட்டம் அன்று. சோதனை முறையற்றதாக இருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கலாம் என்று பூரண் மல் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது. போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு போலச் சில இடங்களில் மட்டும் கண்டிப்பு அதிகம்; ஆளைச் சோதிக்கும்போது அவருக்குள்ள உரிமையைச் சொல்லத் தவறினால் அந்தக் கைப்பற்றுதலை நம்பித் தண்டிக்க முடியாது என்பது பல்தேவ் சிங் வழக்கில் (1999) வந்த தீர்ப்பு. மற்ற வழக்குகளில் விதிமீறல் என்பது அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியாகத்தான் வந்து நிற்கும். அந்தக் கேள்வியை எழுப்ப உங்களுக்குத் தேவை, அன்று என்ன நடந்தது என்பதற்கு அன்றே உண்டான எழுத்துப் பதிவு.

பேட்டர்ன் விஷயத்தில் நீதிமன்றங்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. தேடுதல் ஆணை பெற்ற பிறகு போனைத் திறந்து பார்க்க விசாரணை அமைப்புக்கு வழியுண்டு என்ற திசையில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது என்று டெல்லியின் சிறப்பு நீதிமன்றம் ஒன்று 2022-இல் கூறியது. ஊடகவியலாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், மின்னணுக் கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் வரையறையின்றி இருப்பது ஆபத்தானது என்று கவலை தெரிவித்து, வழிகாட்டு நெறிகளை உருவாக்குமாறு மத்திய அரசிடம் சொன்னது. உங்கள் அப்பா தாமாகத் திறந்து காட்டியதால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதற்காக அவர் வருந்த வேண்டியதில்லை.

எழுதிக் காட்டுவது வேறு. கையெழுத்தும் விரல்ரேகையும் தருவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961-ஆம் ஆண்டிலேயே, காதி காலு ஓகத் வழக்கில், உச்ச நீதிமன்றம் முடிவுசெய்துவிட்டது. ஆனால் அதைக் கேட்பதற்கு முறையான வழி இருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349-ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு நடுவர் அதற்கு உத்தரவிடலாம். கைது செய்யப்படாத ஒருவரிடம் கேட்பதானால் அதற்கான காரணத்தை அவர் எழுத்தில் பதிய வேண்டும். நீதிமன்ற உத்தரவு வந்தால் உடனே வந்து எழுதித் தருகிறேன் என்று அப்பா பணிவாக ஒரு கடிதம் கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்கிக் கொள்வது நல்லது.

பதில் 2: ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

அம்மா, 31 ஆண்டுகள் காக்கிச் சட்டை போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘கறுப்பு நிற செல்போன் 2’ என்று மகஜர், அதாவது கைப்பற்றிய பொருள்களின் பட்டியல், எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. உங்களுக்கு மட்டுமன்றி, அந்த வழக்கை நடத்தப் போகிற அதிகாரிக்கும் அது கேடு.

செல்போனுக்கு மகஜர் எழுதும்போது நிறுவனத்தின் பெயர், மாடல், அந்தப் போனைத் தனித்து அடையாளம் காட்டும் இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், உள்ளிருக்கும் சிம்களின் எண், மெமரி கார்டு உண்டா என்பது, திரையில் உள்ள கீறல், கைப்பற்றியபோது போன் இயங்கிக்கொண்டிருந்ததா அணைந்திருந்ததா என்பது வரை எழுத வேண்டும். பிறகு சாட்சிகள் பார்க்க உறையில் இட்டு, அவர்கள் கையெழுத்திட்ட சீட்டை ஒட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். இதெல்லாம் புதுச் சட்டம் வந்து கற்றுக்கொடுத்ததன்று. சைக்கிள் திருட்டு வழக்கிலேயே சேஸிஸ் எண்ணை எழுதாமல் வந்தால் எங்கள் ஆய்வாளர் மகஜரைத் திருப்பி வீசிவிடுவார்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன். தொண்ணூறுகளில், நான் தலைமைக் காவலராக இருந்தபோது, ஒரு கொலை வழக்கில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) காட்டிய இடத்தில் ஓடைக்கரைப் புதரிலிருந்து அரிவாளை எடுத்தோம். எடுத்தது உண்மை, இடமும் உண்மை. மழை தூறியதால் மகஜரை அங்கே எழுதாமல் நிலையத்துக்கு வந்து எழுதினோம். நேரத்தை மட்டும் ஓடைக்கரையில் இருந்த நேரமாக, மாலை 4 மணி என்று போட்டோம். சாட்சியான கிராம நிர்வாக அலுவலர் அன்று மாலை தாலுகா அலுவலகக் கூட்டத்தில் கையெழுத்திட்டிருந்த பதிவேட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவழைத்தார். மற்றொரு சாட்சி பிறழ்சாட்சியானார். மெய்யாகவே எடுத்த அரிவாளை நீதிமன்றம் நம்பவில்லை. தீர்ப்பு நாளன்று இறந்தவரின் தாயார் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மழையில் நனைந்தாலும் அங்கேயே எழுதியிருக்க வேண்டும்.

எதிரி சொன்னதன்பேரில் பொருளை எடுக்கும் சட்டத்துக்கே நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீடுதான் அடித்தளம். புலுக்குரி கோட்டையா வழக்கில் 1946 டிசம்பரில், அன்று இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தெளிவாகச் சொன்னது: கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், கண்டுபிடிக்கப்படுவது கத்தி அன்று, கத்தி என்றைக்கோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது அவன் வீட்டில் ஒளிந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும் என்பதே கண்டுபிடிக்கப்படும் உண்மை. இன்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் இருப்பதும் அதே கோட்பாடுதான். எந்த இடத்தில் இருந்தது என்ற ஒரு வரி மகஜரில் எவ்வளவு கனமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒளிப்பதிவு செய்து நேரடியாகச் சேமிக்க இ-சாக்ஷ்யா என்ற செயலியைத் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியிருக்கிறது. எங்கள் நாளில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த அரிவாள் நின்றிருக்கும்.

பதில் 3: சோதனைக்குழாய்

தடய அறிவியல் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். சட்டத்தை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். கருவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கைப்பற்றிய கணினியை ஒருமுறை இயக்கினாலே, யாரும் எதையும் தொடாவிட்டாலும், இயங்குதளம் ஏராளமான கோப்புகளின் நேரக் குறிப்புகளை மாற்றி எழுதிவிடும். அதன் வட்டு எஸ்.எஸ்.டி. என்ற சில்லு வகையாக இருந்தால் மின்சாரம் கிடைத்ததும் அழிக்கப்பட்ட பகுதிகளைத் தானாகவே துப்புரவு செய்யத் தொடங்கும். அதனால்தான் நாங்கள் வட்டை வெளியே எடுத்து, அதில் ஓர் எழுத்தும் புதிதாகப் பதியாமல் தடுக்கும் ‘ரைட் பிளாக்கர்’ என்ற கருவியின் வழியே இணைத்து, முழு வட்டுக்கும் பிசகாத பிரதி எடுக்கிறோம். பிறகு அந்தப் பிரதியின் ஹேஷ் மதிப்பைக் கணக்கிடுகிறோம். எஸ்.எச்.ஏ. 256 முறையில் அது 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரியாக வரும். வட்டில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். மின்னணுப் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் தரும்போது இணைக்க வேண்டிய, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் இந்த ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியையும் வல்லுநர் மற்றொரு பகுதியையும் நிரப்ப வேண்டும்.

செல்போனுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. வலையில் இணைந்திருக்கும் போனைத் தொலைவிலிருந்தே ஒருவர் அழித்துவிட முடியும். ஆகவே விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும், அல்லது அலைகள் நுழையாத ஃபாரடே பையில் இட வேண்டும். பேட்டர்னைப் போட்டுத் திறந்து, நிலையத்தில் ஒருவர் விரலால் தள்ளிப் படித்துக்கொண்டிருப்பது பரிசோதனை ஆகாது. அப்படி நடந்திருந்தால் எந்த நேரத்தில் போன் திறக்கப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் போனுக்குள்ளேயே தடம் இருக்கும்.

உங்கள் தாள் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளில் பதிந்த விரல்ரேகையை நின்ஹைட்ரின் கரைசலால் வெளிக்கொணர்கிறோம். வியர்வையில் உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ரேகைகள் ஊதா நிறத்தில் எழுந்து வரும். பல ஆண்டுகள் பழைய தாளிலும் இது பலன் தரும். ஆனால் கையுறை இல்லாமல் நால்வர் புரட்டிய தாளில் அந்த நால்வரின் ரேகையும் சேர்ந்தே எழும். உங்கள் கடைத் தாளில் அப்பாவின் ரேகை இருப்பது இயல்பு. அதனால் எதுவும் நிரூபணமாகாது. மேலும், கலர் லேசர் அச்சுப்பொறிகளில் பல மாடல்கள் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளை அச்சிடுகின்றன. நீல ஒளியில் உருப்பெருக்கிப் பார்த்தால் அவற்றிலிருந்து அச்சுப்பொறியின் வரிசை எண்ணை அறிய முடியும். போலி ஆணைகள் கலரில் அச்சானவை என்றால், அவை உங்கள் கடையில் அச்சானவையா இல்லையா என்பதை அந்தப் புள்ளிகளே உங்களுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடும்.

ஒரு கேள்வி: கடையில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா? அதன் பதிவுகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியை எடுத்துச் சென்றார்களா?

மறுமொழி: தாமிரபரணிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கேமரா இருக்கிறது, டி.வி.ஆர். கல்லாவுக்கு மேலே பரணில் இருப்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு வாரத்துப் பதிவுதான் அதில் நிற்கும் என்று பொருத்தியவர் சொன்னதால், உடனே தம்பியை உட்கார வைத்துப் பார்த்தோம். 11.38-க்கு உள்ளே வருகிறார்கள், 12.21-க்கு வெளியேறுகிறார்கள். ஒரு காவலர் போனை உயர்த்திப் பிடிப்பது 12.14-க்குத்தான் தெரிகிறது, அப்போது கணினி ஏற்கெனவே சாக்கில் கட்டப்பட்டிருக்கிறது. அப்பாவின் போன் பெட்டியும் கிடைத்தது. அதன் பக்கவாட்டில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்கள் இரண்டு இருக்கின்றன. கடைப் பையனின் போன் பழையதை வாங்கியது, அதற்கு ரசீதே இல்லை. இந்தப் பதிவை என்ன செய்வது? பொருள்களை எப்போது கேட்கலாம்?

பதில் 4: வைகைவழக்குரைஞர்

சகோதரி, அந்தப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டி.வி.ஆரை முறையாக நிறுத்தி, அதன் வட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, புது வட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மூல வட்டு கையில் இருந்தால் அதையே நீதிமன்றத்தில் காட்டலாம். பிரதியைக் காட்டுவதானால் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதை, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த காலத்திலேயே, அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. டி.வி.ஆரின் கடிகாரம் சரியான நேரத்தைத்தான் காட்டுகிறதா என்பதை இன்றே உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிட வேறுபாடு என்பதை எழுதித் தேதியிட்டு வையுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

பொருள்களைத் திரும்பப் பெற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503-ஆம் பிரிவுகளின்கீழ் நடுவரிடம் மனு செய்யலாம். கைப்பற்றிய பொருள்களை நிலையத்தில் நீண்ட நாள் தேக்கி வைக்கக் கூடாது, பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் கூறியது. கணினியைப் பொறுத்தவரை ஆய்வகம் பிரதி எடுக்கும் வரை அது கிடைப்பது கடினம். பிரதி எடுத்து முடித்ததும் திருப்பித் தரவும், வழக்குக்குத் தொடர்பில்லாத வாடிக்கையாளர் ஆவணங்களை யாருக்கும் வெளிப்படுத்தாமல் இருக்கவும் உத்தரவிடுமாறு கேளுங்கள். பையனின் போனுக்கு ரசீது இல்லாவிட்டால், சிம் அவர் பெயரில் இருப்பதையும், வேறொரு கருவியில் அவருடைய கூகுள் கணக்கில் நுழைந்தால் அந்தப் போனின் விவரம் தெரிவதையும் காட்டலாம்.

மனுவோடு போன் பெட்டியின் அந்த இரண்டு எண்களையும் தவறாமல் எழுதுங்கள். மகஜரில் இல்லாத எண்கள் நீதிமன்றக் கோப்பில் முதன்முதலாக ஏறுவது உங்கள் மனுவின் வழியாகத்தான் இருக்கும்.